இரண்டு மில்லிமீட்டர்

என் முட்டியின் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
"இனி மோட்டார் வேண்டாம், சூசை" என்றார் டாக்டர்.
நான் அந்தப் படத்தில்
கெரிக் மலைச்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதே வளைவு. அதே வெள்ளைப் பனி.

ஜெலுத்தோங் அடுக்குமாடிக்குக் கீழே
பதினாறாம் தூணோடு சங்கிலியில் நிற்கிறது வண்டி.
இந்த வருஷமும் சாலை வரி கட்டினேன்,
இரண்டு வெள்ளி.
"ஓடாத வண்டிக்கு எதுக்கு வரி?"
பிலோமினா கேட்டாள்.
"ஓடாத மனுஷனுக்கு நீ மாத்திரை வாங்கலையா?"

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால்
ஏழு நிமிஷம் உறுமவிடுவேன்.
மூன்றாம் மாடி ஜன்னல் பட்டென்று சாத்தும்.
கொடியில் காயும் யாரோ ஒருத்தர் சட்டைக்கு
என் எண்ணெய்ப் புகையில் கொஞ்சம் பங்கு.

காலையில் லியோங்கோடு கோப்பி.
நாற்பது வருஷம் சைலன்சருக்குப் பக்கத்தில்
காதை வைத்து நோய் சொன்னவன்.
இப்போது எதுவும் ஒரு கேள்வி தாமதமாகத்தான் விழும்.
"சர்க்கரை எவ்வளவு?" என்றால்
"இரண்டு எண்பது, ஏத்திட்டான்" என்பான்,
கோப்பி விலையை.

ஐந்து பேர் போனோம் அந்தக் காலத்தில்.
பேத்தோங் வரைக்கும், ஹாட்யாய் வரைக்கும்,
ஒரு தடவை வழி தவறி
யாரோ ஒருவர் கல்யாணப் பந்தல் வரைக்கும்.
(சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம்.)
தனபாலன் இப்போது பெர்த்தில், மகனோடு,
ஆளில்லாத சாலைகளைப் படமெடுத்து அனுப்புகிறான்.
ராயப்பன் புக்கிட் மெர்தாஜாம் கல்லறையில்.
போன நவம்பரில் மெழுகுவத்தி மூன்று தடவை அணைந்தது;
அவன் வண்டியும் அப்படித்தான்,
நாலாவது உதையில்தான் பிடிக்கும்.

ஹம்சாவோடு பேசிப் பதினோரு வருஷம்.
ஜெலியில், கொட்டும் மழையில்,
என் உதிரி கார்புரேட்டரைக் கழற்றிக் கொடுத்தேன்.
"அடுத்த வாரம் தர்றேன்."
அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.
மகள் கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிடவில்லை.
ஒரு பித்தளைத் துண்டுக்காக
என்று இப்போது சொல்வது சுலபம்.

செவ்வாய்க்கிழமை ஒரு பொட்டலம் வந்தது.
பிஸ்கட் டின். உள்ளே மலாய்ப் பத்திரிகையின் பந்துப் பக்கம்.
அதற்குள் ஒரு கார்புரேட்டர்.
கடிதம் இல்லை.

லியோங் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"வாய் ரெண்டு மில்லி பெரிசு.
இது உன்னோடது இல்ல."
இதுமட்டும் நான் கேட்காமலே பதில்.

பிலோமினாவின் பழைய டைரியில் நம்பர் இருந்தது,
கோழிக்குழம்புக் கணக்குக்குப் பக்கத்தில்.

"ஹம்சா, இது என்னோடது இல்லையே."
"தெரியும். உன்னோடது என் வண்டியில ஓடுது.
நேத்துகூட மீன் வாங்கிட்டு வந்தேன்."
"அப்ப ஏன்டா இதை அனுப்பினே?"
அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவி முடித்தது.
"பொருந்தியிருந்தா
நீ கூப்பிட்டிருக்க மாட்டியே."

சனிக்கிழமை பெர்ரிக்கு நடந்தேன்.
மோட்டார் வரிசைக்குள் நுழையப்போன என்னை
சீருடைப் பையன் கையாட்டி
நடப்பவர்கள் பாதைக்குத் திருப்பினான்.
கப்பலில் மட்டும்
சூடு ஆறாத வண்டிகளின் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பட்டர்வொர்த்தில் ஆராவுக்கு ரயில்.
பையில் பொருந்தாத கார்புரேட்டர்.
சுங்கை பட்டாணி தாண்டியபோதுதான் கவனித்தேன்,
மடியில் ஹெல்மெட்.
வாசலில் ஆணியிலிருந்து
எப்போது எடுத்தேனோ.

எதிர் இருக்கைச் சிறுவன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு,
"அங்கிள், உங்க வண்டி எங்கே?"

"முன்னாலே போயிருச்சுப்பா,"
என்றேன்.